சீனத்துக் கல்லும் மாமி மகளும்

சீன நாவல் ஒன்றைப் பற்றி இந்த ஏட்டில் எழுதப் புகுவது நேயர்களுக்கு வியப்பளிக்கலாம். ஆறு திங்களுக்கு முன்னர் எவரேனும் என்னிடம் இதனைக் கூறியிருப்பின் நானே நகைத்திருப்பேன்.

கோச்சடையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் என் தங்கையின் குடும்பம் இருக்கிறது. அவள் மகள் கல்லூரியில் பயில்பவள். அஸர் தொழுகை முடித்து அங்கே சென்றால், அந்தப் பெண் கைபேசியில் சீனத் தொடர் எதையேனும் பார்த்துக்கொண்டிருப்பாள். வெள்ளாடை அணிந்த தேவர்கள் மேகத்தின்மேல் நின்று வாள் சுழற்றுவார்கள். ஒரு தேவகுமாரனும் ஒரு தேவமங்கையும் மூன்று பிறவிகளாகப் பிரிந்தும் கூடியும் கண்ணீர் வடிப்பார்கள். "படிக்கிற பிள்ளைக்கு இது என்ன வேலை?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. கல்லூரி நூலகத்திலிருந்து எடுத்து வந்திருந்த தடித்த ஆங்கில நூலொன்றை என் கையில் வைத்து, "மாமு, இந்தக் கதைகளுக்கெல்லாம் தாய்க்கதை இதுதானாம். இதைப் படித்துவிட்டு அப்புறம் ஏசுங்கள்" என்றாள்.

அந்நூலின் சீனப் பெயர் 'ஹுங் லௌ மெங்'. தமிழில் 'செம்மாடக் கனவு' எனலாம். 'கல்லின் கதை' என்றும் அதற்கொரு பெயர் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில், செல்வத்திலிருந்து வறுமைக்கு வீழ்ந்த ஒரு குடும்பத்தின் பிள்ளையாகிய சாவ் ஷுவேசின் என்பார் அதனை எழுதினார். 1763 அல்லது 1764-இல் அவர் மறைந்தபோது நூல் அச்சேறவில்லை. எண்பது அத்தியாயங்கள் கையெழுத்துப் படிகளாக மட்டும் கைமாறிக்கொண்டிருந்தன. 1791-இல்தான் 120 அத்தியாயங்களுடன் அது அச்சில் வந்தது. ஆங்கிலத்தில் இதனை முழுமையாகப் பெயர்த்தவர்கள் பட்ட பாடே ஒரு கதை. ஆக்ஸ்ஃபோர்டில் சீனமொழிப் பேராசிரியராக இருந்த டேவிட் ஹாக்ஸ் இந்த ஒரு நூலுக்காகவே 1971-இல் தம் பதவியைத் துறந்தார். 1973 முதல் 1986 வரை வெளிவந்த ஐந்து பகுதிகளுள் முதல் மூன்றை அவரும், பின்னிரண்டை அவர் மருமகன் ஜான் மின்ஃபோர்டும் பெயர்த்தனர். பீக்கிங்கில் இதே பணியில் இருந்த யாங் சியன்யியும் அவர் மனைவி கிளாடிஸும் 1968 முதல் 1972 வரை சிறையில் கிடந்தனர். மீண்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தனர்.

இவ்வளவு பேர் இத்துணை இழந்து பெயர்த்த நூல் என்பதெல்லாம் பின்னர் அறிந்தவை. முதல் அத்தியாயத்தை வாசித்ததும் நூலை மூடிவிட்டேன் என்பதே உண்மை.

வானம் உடைந்ததாம். ஒரு தேவி 36,501 கற்களை உருக்கி அதனை அடைக்கிறாள். 36,500 கற்கள் போதுமானவையாகிவிட, ஒரு கல் மட்டும் மலையடிவாரத்தில் எஞ்சித் தன் விதியை எண்ணி அழுகிறது. அதே தேவலோகத்தில் வாடிக் கிடந்த செடியொன்றுக்கு ஒரு தேவன் நாள்தோறும் நீர் வார்க்கிறான். அச்செடி பெண்ணுருப் பெற்று, 'அவன் மண்ணில் பிறந்தால் நானும் பிறப்பேன். வார்த்த நீருக்கு ஈடாக என் வாழ்நாட் கண்ணீர் முழுவதையும் கொடுப்பேன்' என்று உறுதி கொள்கிறது. மறுபிறவியை ஏற்காத நமக்கு, படைத்தவனின் வானத்தை ஒரு தேவி செப்பனிடும் கதை எதற்கு என்று தோன்றிற்று. கதைத் தலைவனோ வாயில் பச்சைமணிக் கல்லுடன் பிறக்கிறான். படிப்பென்றால் ஓடி ஒளிந்து, பணிப்பெண்களின் உதட்டுச் சாயத்தைத் தின்பதில் களிப்பவன். போரில்லை, பயணமில்லை. தேநீர், பிறந்தநாள் விருந்து, மருந்துச் சீட்டு, கவிதைப் போட்டி என்று நூறு நூறு பக்கங்கள் ஓடுகின்றன.

இரண்டாம் முறையும் மூடினேன். மீண்டும் திறக்க வைத்தது என் தகப்பனாரின் நினைவுதான். ஜின்களும் பரிகளும் நிறைந்த கிஸ்ஸாக்களை இரவில் உரக்கப் படிக்கச் செய்து கேட்டவர் அவர். 'நூறு மசலா'வும் குலேபகாவலியும் அறியாத முஸ்லிம் இல்லம் அந்நாளில் உண்டோ? அவற்றை நம் முன்னோர் மார்க்க நூல்களென்று எண்ணிப் படிக்கவில்லை. கதை என்றே படித்தார்கள். மேலும், நாம் அரபுக் கதையென்று எண்ணிக்கொண்டிருக்கும் அலாவுதீன் யார்? அக்கதையின் முதல் வரிகளிலேயே அவன் சீனத்துத் தையற்காரனின் மகன். ஹலபு நகரத்து ஹன்னா தியாப் என்பவர் 1709-இல் பாரிசில் சொன்ன கதை அது. ஆயிரத்தோர் இரவுகளில் கமருஸ்ஸமானின் காதலி பதூரும் சீனத்து இளவரசியே. நம் கரைக்கும் சீனத்துக்கும் இடையே கப்பல்களும் ஓடியிருக்கின்றன. பதினான்காம் நூற்றாண்டில் மதுரை சுல்தானின் விருந்தினராய் இப்பகுதியில் தங்கிய இப்னு பதூதா, பின்னர்ச் சீனத்துச் சைத்தூன் துறையில் இறங்கினார். இன்று சுவான்சூ எனப்படும் அதே நகரில் 1281-ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஆக, அந்நியமென்று நான் ஒதுக்கியது என் அறியாமையே என்று தெளிந்து மூன்றாம் அத்தியாயத்துக்கு வந்தேன்.

அங்கே தேவலோகம் காணாமற்போயிற்று. ஒரு சிறுமி பல்லக்கிலிருந்து இறங்குகிறாள்.

அவள் பெயர் தாய்யூ. தாயை இழந்தவள். தாயின் பிறந்தகமாகிய சியா மாளிகையில், பாட்டியின் நிழலில் வளர அனுப்பப்பட்டிருக்கிறாள். பிறர் நகைக்க இடமாகுமோ என்று அஞ்சி ஒவ்வோர் அடியையும் அளந்து வைக்கிறாள். உணவு முடிந்ததும் தேநீர் வருகிறது. சோறுண்டபின் சற்றுப் பொறுத்தே தேநீர் அருந்தவேண்டும் என்பது அவள் தந்தை பழக்கிய வழக்கம். இந்த வீட்டு வழக்கம் வேறு. மற்றவர்கள் செய்வதைப் பார்த்து அவளும் கிண்ணத்தை வாங்கிக்கொள்கிறாள். முதலில் வந்தது வாய் கொப்பளிக்க, அடுத்து வருவதே அருந்துவதற்கு என்பதையும் பார்த்தே அறிகிறாள். என்ன படித்திருக்கிறாய் என்று பாட்டி கேட்கும்போது, பெரும் நூல்கள் நான்கையும் அண்மையில் படித்ததாக உண்மையைச் சொல்கிறாள். இந்த வீட்டுப் பெண்கள் என்ன படிக்கிறார்கள் என்று அவள் திருப்பிக் கேட்க, ஏதோ சில எழுத்துகள் அறிவார்கள், அவ்வளவுதான் என்று பாட்டி சொல்லிவிடுகிறாள். சற்று நேரத்தில் கதைத் தலைவன் பாவ்யூ வந்து அதே கேள்வியைக் கேட்கிறான். இப்போது அவள் விடை வேறு: ஓராண்டு பள்ளி சென்றேன், சில எழுத்துகள் தெரியும்.

ஆசிரியர் இதைப் பற்றி ஒரு சொல்லும் விளக்கமாய்க் கூறவில்லை. இரு விடைகளையும் சில பக்க இடைவெளியில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். அண்டி வாழவந்த பெண்ணொருத்தி தன் அறிவை ஒரு மாலைப்பொழுதுக்குள் சுருட்டி மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொள்வதை இதைவிடச் சிக்கனமாக எழுதிய இடத்தை நான் கண்டதில்லை.

இவ்விடத்தில் நூலை மூடியதற்குக் காரணம் வேறு. என் தகப்பனாரின் தங்கை மகள் ஒருத்தி தாயை இழந்து, ஒன்பது வயதில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வைகையின் தென்கரையில் இருந்த வீடு. அக்காலத்தில் சுற்றிலும் வயல்தான். அவள் எப்போது உண்டாள் என்று நாங்கள் பிள்ளைகள் அறியோம். எல்லோரும் உண்டு முடித்த பின் அடுப்படியில் ஒரு தட்டின் ஒலி கேட்கும், அவ்வளவே. அரபுத் தமிழை எங்களைவிட விரைவாய் வாசிப்பாள் என்பது அவள் மணமாகிச் சென்ற பின்னரே என் தாயார் வாயிலாகத் தெரியவந்தது.

இனி உறவுமுறைக்கு வருகிறேன். பாவ்யூவைச் சுற்றி இரு பெண்கள். தாய்யூ அவன் தந்தையின் சகோதரி மகள். நாம் மாமி என்றோ குப்பி என்றோ அழைக்கும் உறவின் மகள். மற்றவள் பாவ்சாய், தாயின் சகோதரி மகள், அதாவது சாச்சி மகள். ஆங்கிலத்தில் இருவரும் 'கஸின்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். எத்துணைத் திறமை வாய்ந்த பெயர்ப்பாளராயினும் அவர் மொழியில் இல்லாத சொல்லை எங்கிருந்து கொண்டுவருவார்? ஆங்கில வாசகன் இரு அழகிகளுக்கிடையே தடுமாறும் இளைஞனைக் காண்கிறான். தமிழ்க் காது கேட்பதோ வேறு. ஒருத்தி முறைப்பெண், மற்றவள் உடன்பிறந்தாள் முறை.

இது நான் வலிந்து ஏற்றும் பொருளன்று. இருபதாம் அத்தியாயத்தில் தாய்யூ ஊடி அழும்போது, பாவ்யூ அவளைத் தேற்ற எடுத்துச் சொல்லும் முதல் வாதமே இதுதான்: நீ எனக்கு அத்தை மகள், அவள் தாயின் சகோதரி மகள், உறவென்று பார்த்தால் உன்னைவிட அவள் எட்டத்து உறவே. காதலைச் சொல்லத் துணியாத சிறுவன் உறவுமுறையைச் சொல்கிறான். நம் வீடுகளிலும் அந்தச் சொல் அப்படித்தானே பயன்பட்டிருக்கிறது!

மார்க்கத்தில் இவ்விருவரையும் மணக்கத் தடையில்லை. திருக்குர்ஆனின் அல்அஹ்ஸாப் அத்தியாயத்து 50-ஆம் வசனம் தந்தையின் சகோதரர், சகோதரி, தாயின் சகோதரர், சகோதரி ஆகிய நால்வரின் புதல்வியரையும் தனித்தனியே பெயர் சொல்லிக் குறிக்கிறது. அரபு மொழிக்கும் நான்கு சொற்கள் உண்டு. ஆயினும் அரபியர் விரும்புவது தந்தையின் சகோதரர் மகளை. சீனருக்கோ ஒரே குலப்பெயர் என்பதால் அவள் ஆகாதவள். தமிழ் முஸ்லிம்களாகிய நம்மில் பலருக்கு அனுமதி இருந்தும் சாச்சி மகளை மணப்பதில் மனம் கூசும். மாமி மகளும் மாமு மகளும் உரிமை. மூன்று சமுதாயங்களும் வெவ்வேறிடத்தில் வேலி போட்டிருக்க, மாமி மகளுக்கு வாசல் திறந்த வீட்டில் அவளை ஏன் விலக்குகிறார்கள் என்பதே இந்நாவலின் உள்வினா.

விடை தேவலோகத்தில் இல்லை. கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. சியா குடும்பத்தின் செலவைக் கேளுங்கள். நாட்டுப்புறத்திலிருந்து லியூ பாட்டி என்றொரு ஏழைக் கிழவி வருகிறாள். அங்கு நடந்த நண்டு விருந்துக்கு ஆன இருபத்துச் சொச்சம் வெள்ளி, ஓர் உழவர் குடும்பம் ஓராண்டு உண்பதற்குப் போதும் என்று அவள் கணக்கிடுகிறாள். அவளுக்கு ஒரு கத்திரிக்காய்க் கறி பரிமாறுகிறார்கள். கத்திரிக்காய் என்றே நம்ப முடியவில்லை. செய்முறையைக் கேட்டால், அந்தக் கத்திரிக்காய்க்குப் பத்துக் கோழியின் துணை வேண்டுமாம். (பிரியாணிக்குக் கத்திரிக்காய் வைக்கும் நம் வீட்டுப் பெண்மணிகள் அந்தப் பக்கத்தை அவசியம் படிக்கவேண்டும்.) வெளிப்பகட்டு இப்படி, உள்ளே வீடு ஓட்டாண்டியாகிக்கொண்டிருக்கிறது. குடும்பப் பொறுப்பைக் கையில் வைத்திருக்கும் ஃபெங் என்னும் மருமகள், பணியாட்களின் மாதச் சம்பளத்தை நிறுத்திவைத்து வட்டிக்கு விடுகிறாள். வட்டி எப்படி முதலில் வீட்டாரின் நாணயத்தையும் பின்னர் வீட்டையும் தின்னும் என்பதைப் பற்றி நம் மேடைகளில் எவ்வளவோ கேட்டிருக்கிறோம். அந்த ஃபெங்கைப் போல் ஓர் உயிருள்ள உருவம் அப்பேச்சுகளில் வந்ததில்லை. அவள் கொடியவளாகவும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சிரிப்பொலி முன்னே வர, பின்னே அவள் வருவாள். அவள் வந்தால் பாட்டியின் முகம் மலரும்.

இத்தகைய வீட்டுக்குப் பெற்றோரில்லாத, நோயாளியான தாய்யூ என்ன கொண்டுவருவாள்? பாவ்சாயோ செல்வ வணிகர் குடும்பத்துப் பெண். மாமியார் ஆகப்போகிறவளின் சொந்தத் தங்கை தமக்கை உறவு. உடல் நலமும் குணமும் பொருந்தியவள்.

பாவ்சாயைத்தான் நான் தவறாக எடைபோட்டேன். ஒரு பணிப்பெண் எசமானியிடம் அறை வாங்கி வெளியே துரத்தப்பட்டுக் கிணற்றில் விழுந்து மாண்டபோது, மனம் குமைந்திருக்கும் எசமானியிடம் பாவ்சாய், அவள் விளையாடித் தவறி விழுந்திருக்கலாம் என்று ஆறுதல் கூறுகிறாள். அந்த வரியில் அவளை வெறுத்தேன். அடுத்த வரியில், இறந்தவளுக்கு அணிவிக்கப் புதுத்துணி இல்லையென்று அறிந்து, தன் புத்தாடைகளைத் தயக்கமின்றி எடுத்துத் தருகிறாள். இறந்தவளின் உடை எனக்குத் தீட்டு என்ற எண்ணமே அவளிடம் இல்லை. வெறுப்பதா மதிப்பதா? பாவ்யூ தந்தையிடம் கொடும் அடி பட்டுக் குப்புறக் கிடக்கும்போது, இவள் மருந்து கொண்டு வருகிறாள். எப்படிப் பூசவேண்டும் என்றும் சொல்கிறாள். தாய்யூ வெறுங்கையுடன் வருகிறாள். அழுதழுது கண்கள் பழமாய் வீங்கியிருக்கின்றன. இளமையில் படிப்பவர்கள் கண்ணீரின் பக்கம் சேர்வார்கள். அறுபதைக் கடந்தவனுக்கு மருந்தும் பெரிதாகப் படுகிறது. ஆசிரியர் நம்மை ஒரு பக்கம் சாய விடுவதில்லை.

முடிவு கொடியது. பாவ்யூ தன் மணிக்கல்லை இழந்து அறிவு கலங்கிக் கிடக்கிறான். திருமணம் நடந்தால் தெளிவான் என்று பெரியவர்கள் முடிவு செய்கிறார்கள். தாய்யூவைத்தான் மணக்கிறாய் என்று அவனை நம்பச் செய்து, முக்காடிட்ட பாவ்சாயை மணவறைக்கு அழைத்து வருகிறார்கள். ஐயம் எழாதிருக்கத் தாய்யூவின் பணிப்பெண்ணையே மணமகளுக்குத் துணையாக நிறுத்துகிறார்கள். அந்நேரத்தில் தாய்யூ தன் கவிதைகளை நெருப்பிலிட்டு முடித்து, உயிர் விடுகிறாள். எல்லோரும் தாய்யூவுக்காக அழுவார்கள், நானும் அழுதேன். ஆனால் என்னை உறங்கவிடாதது அதற்குச் சற்று முந்திய ஒரு சிறு காட்சி. திருமணம் முடிவாயிற்று என்று தாய் சொல்லும்போது பாவ்சாய் தலை குனிகிறாள். ஒன்றும் சொல்லவில்லை. பின்னர்க் கண்ணீர் வழிகிறது. வீட்டார் அவள் மௌனத்தை ஏற்றுக்கொண்டு காரியத்தைத் தொடர்கிறார்கள்.

கன்னிப் பெண்ணின் மௌனம் அவள் சம்மதமாகும் என்பது நபிமொழி. அதை நாம் எல்லோரும் மனப்பாடமாய் அறிவோம். அவளிடம் முதலில் கேட்கவேண்டும் என்பதும் அதே நபிமொழியின் பகுதி. அதைத்தான் விரைவாய்க் கடந்துவிடுகிறோம். நாணத்தால் நா எழாத பெண்ணுக்கு இரக்கமாய் அளிக்கப்பட்ட சலுகை, கேளாமலே முடித்துக்கொள்வதற்குப் பெரியவர்கள் கையில் அனுமதிச் சீட்டாகிவிடலாகாது. தந்தை செய்வித்த திருமணத்தை விரும்பாத கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்கள் முறையிட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அத்திருமணத்தையே ரத்துச் செய்தார்கள். சீனத்துப் பெண்ணுக்கு முறையிட அப்படி ஒரு வாசல் இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது. அதை எத்தனை முறை திறந்திருக்கிறோம்?

என் அண்ணனுக்கு வேறிடத்தில் பெண் பேசி முடித்த அன்று, என் மாமி மகள் அடுப்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தீங்கு நினைத்தவர் எவருமிலர். அவளையும் நல்ல இடத்தில்தான் கொடுத்தோம். நன்றாகவே வாழ்ந்து, பேரப்பிள்ளைகளைக் கண்டு, போய்ச் சேர்ந்தாள். அவளுக்கு விருப்பம் இருந்ததா இல்லையா என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. கேட்டால்தானே தெரியும்.

நூலின் குறைகளையும் சொல்லவேண்டும். கடைசி நாற்பது அத்தியாயங்களின் நடை தளர்ந்திருக்கிறது. 1791-இல் நூலைப் பதிப்பித்த செங் வெய்யுவானும் காவ் ஓ-வும் கிடைத்த ஏடுகளைச் செப்பனிட்டதாகவே கூறினர். காவ் ஓ தாமே எழுதிச் சேர்த்தார் என்ற வாதம் நெடுங்காலமாக நிலவுகிறது. மணமகளை மாற்றும் சூழ்ச்சி அப்பகுதியில்தான் வருகிறது. மூல ஆசிரியர் அதனை வேறுவிதமாய்க் கருதியிருக்கலாம்; எனினும் பாவ்சாயே மனைவியாவாள் என்பதை ஐந்தாம் அத்தியாயத்துக் கனவே உணர்த்திவிடுகிறது. முடிவில் பாவ்யூ கருவுற்ற மனைவியை விட்டுத் துறவியாகி, பனி பெய்யும் ஆற்றங்கரையில் தந்தைக்குத் தலைவணங்கி மறைகிறான். சீன வாசகர் பலர் இதனை ஞானமென்று போற்றுவர். துறவறம் இல்லாத மார்க்கத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில் மட்டுமன்றி, ஒரு குடும்பஸ்தன் என்ற முறையிலும் எனக்கு இதில் உடன்பாடில்லை. அவன் கண்ணீருக்குரிய கடன் தீர்ந்தது, மருந்துக்குரிய கடன்? அதைத் தீர்க்காமலே போகிறான். வயிற்றில் பிள்ளையோடு அந்த இடிந்த வீட்டைத் தூக்கி நிறுத்தப் பாவ்சாய் தனியே நிற்கிறாள். முதல் அத்தியாயத்துத் தேவர்களின் ஏட்டில் அவள் பட்டதற்கு வரவு இல்லை.

பணிப்பெண்களின் பெயர்கள் நூற்றுக்கணக்கில் குழப்பும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். ஒரு தாளில் குடும்ப மரத்தை நம் உறவுச் சொற்களாலேயே எழுதிவைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். நான் அப்படித்தான் செய்தேன். மாமி, சாச்சி, மதினி என்று எழுதியதும் பாதிப் பேர் தெரிந்த முகங்களாகிவிட்டார்கள்.

இவ்வளவையும் மருமகளிடம் சொன்னபோது அவள் அடக்கமாகத்தான் சிரித்தாள். அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. பையன் எட்டத்து உறவு, நல்ல வேலை. என் தங்கையும் மச்சானும் ஏறக்குறைய முடிவு செய்திருந்தார்கள். "அவளைக் கேட்டாயிற்றா?" என்றேன். "ஒன்றும் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள்" என்றாள் தங்கை மகிழ்ச்சியோடு. நான் எழுந்து உள்ளே சென்று நானே கேட்டேன். தேர்வு முடிந்து ஒரு வாரத்தில் பதில் சொல்வதாகக் கூறியிருக்கிறாள். கொடுத்திருக்கிறோம். நூலின் இரண்டாம் பகுதியைத் திருப்பிக் கொடுக்கவேண்டிய நாளும் அந்த வாரத்தில்தான் வருகிறது. இப்போது அது என் தங்கையின் கையில் இருக்கிறது. கத்திரிக்காய்ப் பக்கத்தை நான் படித்துப் பொருள் சொன்னது முதல் விடமாட்டேன் என்கிறாள்.